சிங்கக் கூண்டின் பலகை

சென்னைக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லாரும் சமுத்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அலை எவ்வளவு உயரம், காலை நனைத்தீர்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். நாங்கள் சமுத்திரத்தைப் பார்க்கவில்லை. போன காரியம் வேறு. பார்த்தது மிருகக்காட்சி சாலை ஒன்றைத்தான். அதிலும் பாதிக் கூண்டுகள் எனக்கு மறந்துவிட்டன. ஒரு கிளியும் ஒரு சிங்கமும் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவற்றைப் பற்றி எழுத வேண்டுமானால் போன காரியத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் மகள் பாவாயிக்கு ஆறு வயது. காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. வசம்பு தேய்த்தோம், கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டினோம், பனங்காட்டுக் கிளிகள் கொத்திப் போட்ட பழங்களைப் பொறுக்கி வந்து ஊட்டினோம். கிளி கொத்திய பழத்தைத் தின்றால் குழந்தைக்குப் பேச்சு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் சேலத்து டாக்டர் ஒருவர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சென்னையில் தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கித்தான் படிக்க வேண்டும் என்றார்.

“நீ படிச்சவ. நீயே பாத்துச் சொல்லு. உடலாம்னா உட்டுட்டு வரலாம். வேண்டாம்னா கையோட கூட்டிக்கிட்டு வந்தரலாம்” என்றார் என் வீட்டுக்காரர். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் எட்டாவது வரை படித்த படிப்பு இப்படி ஒரு முடிவைச் சொல்ல உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள் நான். முதல் சில நாள் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. பொங்கலுக்கு அப்பா வந்து அழைத்துப் போவார் என்று சொல்லியிருந்தார்கள். பாவாயியிடம் அதை எப்படிச் சொல்வது? அவளுக்கும் எங்களுக்கும் இடையில் சோறு, தண்ணீர், தூக்கம், கூடாது ஆகியவற்றுக்குத்தான் சைகை உண்டு. ‘திரும்பி வருவோம்’ என்பதற்குச் சைகை கிடையாது. விட்டுவிட்டு நாங்கள் திரும்பி நடந்தால், இவளுக்குத் தெரியப் போவது வேண்டாம் என்று எறிந்துவிட்டார்கள் என்பது மட்டும்தானே.

எங்களோடு என் கணவரின் அக்காவும் புறப்பட்டார். அவரை நான் நங்கையா என்று அழைப்பேன். கணவரை இழந்த பின் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பாவாயி அவர் மடியில் வளர்ந்தவள். “நான் வாரது புள்ளையத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வாரதுக்குத்தான், ஆமா” என்று வீட்டை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார். அவர் மூட்டையில் எங்கள் கிணற்றடி மரத்துக் கொய்யாக்காய்கள் இருந்தன. எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் வரை பஸ், பிறகு ரயில். பஸ் ஓட்டுகிற கந்தப்பனுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். எல்லாரைப் பற்றியும் பேசாவிட்டால் வண்டி நகராது. “மெட்ராசுக்குங்களா? நம்ம ஜில்லாவுல கள்ளுக்கடையச் சாத்திப்போட்டாங்கன்னு அத்தாந்தூரம் பொறப்பட்டுட்டீங்களாக்கும்?” என்று என் கணவரைக் கேட்டார். வண்டி முழுக்கச் சிரித்தது. பாவாயி சிரிக்கவில்லை. முன் இருக்கையின் பலகையில் கன்னத்தை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். காய்ச்சலோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் முகத்தை வைக்கிறாளே என்று இழுத்து உட்கார வைத்தேன். மறுபடியும் ஒட்டிக்கொண்டாள்.

ஆட்டையாம்பட்டியில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் மொண்டு வர ஆள் போனான். எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் கைமுறுக்கு வாங்கித் தின்றோம். கந்தப்பன் பாவாயியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க, ஊமப்புள்ளைக்கு எதுக்குங்க மெட்ராசு? நாலு எரும வாங்கிக் குடுத்து மேய்க்கப் பழக்குனா வயித்துக்காச்சும் ஆகும்.”

“அதையேதான் தம்பி நானும் சொல்றேன். எங்க கேக்கறாங்க?” என்றார் நங்கையா.

நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றேன். கந்தப்பன் கெட்ட மனிதர் அல்ல. எங்கள் சுற்றத்தில் எல்லாரும் நினைப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். சில நாள் நானும் அப்படி நினைத்ததுண்டு.

சென்னையில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சத்திரத்தில் தங்கினோம். நங்கையாவுக்கு ஊர் பிடிக்கவில்லை. தண்ணீர் உப்பு என்றார். ஓட்டல் சோற்றைப் பார்த்து, “மல்லியப்பூவாட்ட வெள்ளையாத்தான் இருக்குது. எந்திரிச்சுக் கை களுவறதுக்குள்ள பசிக்குதே” என்றார். கட்டி வந்த புளிச்சோறு தீர்ந்த பிறகு எனக்கும் கம்பஞ்சோற்றின் நினைவு வந்துவிட்டது. பாவாயி மட்டும் இட்லியை ரசித்துத் தின்றாள்.

முதல் நாள் பள்ளிக்கூடம். அங்கே பெரிய டீச்சர் என்று எல்லாரும் சொன்ன ஓர் அம்மாள், பாவாயியின் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தார், கை தட்டினார், தகர டப்பாவைத் தட்டினார். பாவாயி ஜன்னலில் நின்ற அணிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, எடுத்துக்கொள்கிறோம், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“அவசரப்படாதீங்கம்மா. சனிக்கிழமை காலையில எங்க பிள்ளைங்களை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குன்னு அங்கே மிருகங்களைக் காட்டிப் பாடம் சொல்றாங்க. நீங்களும் வாங்க. இந்த நாலு சுவத்தைப் பாத்து முடிவு பண்ண வேண்டாம்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. சும்மா இருப்பானேன் என்று டிராம் ஏறினோம். எதிர்த் திசையில் ஏறிவிட்டோம் என்பது கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. என் கணவர் அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டார். பாவாயிக்கு மட்டும் கொண்டாட்டம். டிராம் போகும்போது தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் பதித்துக்கொண்டாள். எழுந்திரு, அழுக்கு என்று நான் அதட்டினேன். ஓர் அம்மாள், “விடும்மா, குழந்தைதானே” என்றார். அன்று நான் அதட்டியதற்கு ஒரு காரணமும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சத்திரத்துக் காவல்காரரிடம் வழி கேட்டோம். “உயிர் காலேஜா? தோ, ஸ்டேஷன் பக்கத்துலயே கீது” என்றார்.

“அதென்னுங்க உயிர் காலேசு? அப்ப செத்ததுக்கும் ஒரு காலேசு இருக்குதாக்கும்?” என்றார் நங்கையா.

“இல்லாம? எழும்பூர்ல கீது, செத்த காலேஜ். எல்லாம் பாடம் பண்ணி நிக்க வெச்சிருக்காங்க.”

நங்கையா மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

உள்ளே போனால் திருவிழாக் கூட்டம். கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாய் வந்திருந்தார்கள். யானை மேல் அம்பாரி கட்டிப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வந்தார்கள். பலூன் விற்றார்கள், காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலை விற்றார்கள். “நம்ம காட்டுல அணில்புள்ள தின்னது போக மிஞ்சுனதே இதவிடப் பருசா இருக்கும்” என்று கடலைக்காரரிடமே சொன்னார் நங்கையா. சாயங்காலம் பாண்டு வாசிப்பார்கள் என்று ஒரு மேடையைக் காட்டினார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளின் காதருகே குனிந்து, அது ஒட்டகம், இது வரிக்குதிரை என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நான் பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நடந்தேன்.

பள்ளிப் பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருந்தது. அப்போதுதான் நங்கையா மூட்டையை அவிழ்த்தார். கொய்யா வழியிலேயே பழுத்திருந்தது.

“பேசற கிளி எங்கடி இருக்குது? கேட்டுச் சொல்லு அம்மிணி.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பனங்காட்டுக் கிளி கொத்திய பழம் பலிக்காததற்கு நங்கையா ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: அந்தக் கிளிகளுக்கே பேச்சு வராது, பேசாத கிளியின் எச்சில் எப்படிப் பேச்சைத் தரும்? பேசும் கிளி ஒன்று மெட்ராசில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொய்யாவை வீட்டு மரத்திலிருந்தே பறித்து, இத்தனை தூரம் நசுங்காமல் கொண்டு வந்திருந்தார்.

இருந்தது. சாம்பல் நிறம், சிவப்பு வால், வயதான முகம். எங்களைப் பார்த்ததும் கழுத்தைச் சாய்த்து, “குட்மார்னிங்” என்றது.

நங்கையா என் பக்கம் திரும்பினார். “இதென்ன அம்மிணி, இங்கிலீசு பேசுது?”

“ஆமாங்க நங்கையா.”

“செரி, இங்கிலீசே பேசட்டும். வாயத் தொறந்தாச் செரி.”

தீனி கொடுக்கக் கூடாது என்று தமிழிலும் எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். “அது மெட்ராசுக்காரங்களுக்கு” என்று கம்பிக்குள் பழத்தை நீட்டினார். கிளி ஒரு கொத்துக் கொத்தி, பழத்தைப் பிடுங்கிக் கூண்டுக்குள் போட்டுவிட்டது. கை எட்டவில்லை. நங்கையா கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு விரலை நீட்டி நீட்டிப் பார்த்தார். என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

காவலாள் வந்தார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் ஒரு கொக்கிக் கம்பியால் பழத்தை இழுத்து எடுத்து, துணியில் துடைத்துக் கொடுத்தார்.

“எந்த ஊரும்மா?”

“சேலம் ஜில்லாங்க.”

“தெலுங்கு தேசத்துலேர்ந்துகூட வராங்க. பழத்தோடதான் வருவாங்க. இதுக்குன்னே இந்தக் கொக்கி செஞ்சி வெச்சிருக்கேன்.”

“யாருக்காவது பேச்சு வந்துதுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் பாவாயியைப் பார்த்தார். “யாரும் திரும்பி வந்து சொன்னதில்லம்மா. வந்துட்டாலும் வரமாட்டாங்க. வரலேன்னாலும் வரமாட்டாங்க.”

அந்தக் கூண்டின் முன் எனக்கு முன்னால் நின்ற தாய்மாரை நினைத்துக்கொண்டேன். ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் பழத்தை நீட்டிய ஒவ்வொரு கையையும் தெரிந்தது போல இருந்தது. நங்கையா பழத்தைப் பாவாயியின் வாயருகே கொண்டு போனார். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். “பசிக்கறப்பத் திம்பா” என்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். வேறு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கோட்டும் தலைப்பாகையும் அணிந்த ஒருவர் மரத்தடியில் பாடம் நடத்தினார். முள்ளம்பன்றியின் முள், பாம்புச் சட்டை, தீக்கோழி முட்டை எல்லாம் கைக்குக் கை போய் வந்தன. அவர் கேள்வி கேட்டதும் மற்றப் பிள்ளைகள் கத்தினார்கள். எங்கள் வரிசையில், “எங்கள்” என்று என்னை அறியாமலே எழுதிவிட்டேன், பெரிய டீச்சர் அவர் சொல்வதை உதட்டை அகலமாக அசைத்தும் கையால் காட்டியும் திருப்பிச் சொன்னார். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். பாவாயிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் தீக்கோழி முட்டை கைக்கு வந்ததும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற, முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் அதைப் பார்த்து, தானும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு சிங்கம். அதற்கு இரை கொண்டு வரும் நேரம். கூண்டிலிருந்து எட்டி நிற்க மரப்பலகைத் தடுப்பு ஒன்று போட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க முண்டினார்கள். டீச்சரின் பிள்ளைகள் முண்டவில்லை. வரிசையாகப் போய், உள்ளங்கைகளைத் தடுப்புப் பலகையில் பதித்துக்கொண்டு நின்றார்கள். பல்விழுந்த பெண் பாவாயியின் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எதுக்கு அம்மிணி இதுக அல்லாம் பலவையப் புடிச்சுக்கிட்டு நிக்குதுக?” என்றார் நங்கையா.

எனக்குத் தெரியவில்லை.

இரை வண்டியைக் கண்டதும் சிங்கம் கத்தியது. அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. நங்கையா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த கைக்குழந்தைகள் வீரிட்டன. பலகையைப் பிடித்திருந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். எல்லா முகங்களும் ஒரே கணத்தில் மலர்ந்தன. பாவாயி சிங்கத்தைப் பார்க்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கம் நிறுத்தியதும் தலை நிமிர்ந்தாள். மறுபடி கத்தியதும் குனிந்தாள். பிறகு ஒரு கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் நாங்கள் கம்பு இடிக்கும்போதெல்லாம் உரலோடு கையை ஒட்டிக்கொண்டு உட்காருவாள். விரல் நசுங்கிவிடும் என்று எத்தனை தடவை இழுத்துப் போட்டிருக்கிறேன். பஸ் பலகை, டிராம் தரை, உரல். ஆறு வருஷமாக இவள் கையாலும் கன்னத்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பாவாயி ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பலகையில் வைத்தாள். சிங்கம் கத்தியது. காது கேட்கிற எனக்குக் கையில் ஒன்றும் தனியாகத் தெரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். உடனே என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள். அழுகையும் அல்ல, கத்தலும் அல்ல. சிங்கத்தின் குரல்தான், சிறியதாக. சுற்றியிருந்த சில பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் மட்டும், “இப்படித் தொண்டையைத் தொட்டுப் பாக்கறதுதாம்மா எங்க முதல் பாடம். அதுக்கு அவளே வந்துட்டா” என்றார்.

அதோடு முடிவு செய்துவிட்டேன் என்று எழுதினால் அது உண்மையாகாது. எனக்கு வேறொரு பயம் இருந்ததே. அது அப்படியேதான் இருந்தது. அதை டீச்சரிடம் சொன்னேன். விட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவோம் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர் பல்விழுந்த பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ காட்டினார். அந்தப் பெண் பாவாயியைப் புல்லில் உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்தாள். கைகளைச் சக்கரம் போலச் சுற்றினாள்: ரயில். மூக்குத்தி குத்தும் இடத்தைத் தொட்டு என்னைக் காட்டினாள்: அம்மா. ரயில் தூரப் போயிற்று. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தூங்கினாள், எழுந்தாள், தூங்கினாள், எழுந்தாள், சலிக்காமல் பல முறை. கரும்பைக் கடித்து இழுத்தாள்: பொங்கல். மறுபடி ரயில், இப்போது இந்தப் பக்கமாக. மறுபடி மூக்குத்தி. தன் நெஞ்சைத் தட்டி, எனக்கும் அப்படித்தான் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

பாவாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கேள்வி இருந்தது. சோறு, தண்ணீர் தவிர அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன். நான் கைகளைச் சக்கரம் போலச் சுற்றினேன். அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கம் வந்தேன். மூக்குத்தியைத் தொட்டேன்.

என் கணவர் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “உட்டுட்டுப் போலாமுங்க” என்றேன். அவர் தலையசைத்தார். நங்கையா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வாசலில் பாவாயி அழுதாள். எல்லாவற்றையும் புரிந்துகொண்டும் அழுதாள். நங்கையா அவளைக் கட்டிக்கொண்டு, “சாமி, என்ற சாமி” என்று மட்டும் சொன்னார். நாங்கள் தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையை எடுத்துச் சக்கரம் போலச் சுற்றினாள். நானும் சுற்றினேன். சரியாகச் செய்தேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ரயிலில் நங்கையா எதிரே உட்கார்ந்திருந்தார். விடிந்த பிறகு, முந்தானையால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெகு நேரம் அப்படியே இருந்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். கிளி கொத்திய கொய்யா கறுத்துப் போயிருந்தது. வெளியே எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. “நம்மூட்டு மரத்துதாச்சே” என்று அவரே தின்றார்.

சேலத்தில் அதே பஸ், அதே கந்தப்பன். நாங்கள் ஏறியதும் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“புள்ள எங்கீங்க?”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

“படிக்க உட்டுட்டு வாரோம்” என்றார் நங்கையா, வண்டி முழுக்கக் கேட்கும்படி.

“ஊமப்புள்ளைக்கு என்னங்க படிப்பு?”

“யாரு ஊம? சிங்கம் கத்துனா என்ற புள்ளைக்குக் கையில கேக்குது. உனக்கு உன்ற வண்டி கொதிக்கறதே காதுல கேக்காது. எடு வண்டிய.”

கந்தப்பன் வண்டியை எடுத்தார். இருக்கையில் எனக்கும் நங்கையாவுக்கும் இடையில் ஒரு சிறு இடம் காலியாக இருந்தது. அவரும் நகர்ந்து உட்காரவில்லை, நானும் நகரவில்லை. முன் பலகையில், அவள் கன்னம் வைத்த இடத்தில், நான் கையை வைத்துக்கொண்டேன்.